ஜட்ஜய்யாவுக்கு ஜன்னல் பக்கம்

கரண்ட் இப்போதைக்கு வராது. மழை விட்டாத்தான் கம்பத்துல ஏறுவாங்க. அதுவரைக்கும் இப்படியே உக்காந்திருக்க வேண்டியதுதான். அந்தக் கதவைச் சாத்திட்டு வா... போனை அணைச்சு வை, வெளிச்சம் மூஞ்சியில அடிக்குது. பயமா இருக்கிறவங்க இப்பவே எழுந்து போயிடுங்க. பாதியில போனா நான் கதையை நிறுத்திடுவேன், அப்புறம் மத்தவங்க உங்களைச் சும்மா விடமாட்டாங்க.

இது எனக்கு நடந்ததில்ல. எங்க கடையில கேஷியரா ஒரு அக்கா இருக்காங்கல்ல, அவங்க தம்பிக்கு நடந்தது. அக்கா கதை விடுற ஆளு இல்ல. கதை விட அவங்களுக்கு நேரமும் இல்ல.

ராத்திரி ஒரு மணி. பஸ் டிப்போவுக்குப் பின்னாடி போற ரோடு. ஒரு பக்கம் டிப்போ சுவரு, இன்னொரு பக்கம் வரிசையா பூட்டின குடோன். ஈ காக்கா இல்ல. அந்த ரோட்டுல ஒரு ஆளு நடந்துட்டிருக்காரு. எங்கயும் போகல... எங்கிருந்தும் வரல. அந்தக் கோடி வரைக்கும் போவாரு, திரும்புவாரு, இந்தக் கோடி வரைக்கும் வருவாரு. குடோன் வாட்ச்மேன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துட்டு, "என்ன சார், வீட்ல சண்டையா?"ன்னு கேட்டான். இவரும் ஆமான்னுட்டாரு. வேற என்னத்தைச் சொல்ல? படுத்தா என்னை யாரோ திருப்பிப் போடுறாங்க, அதனால படுக்கவே பயமா இருக்குன்னா சொல்ல முடியும்?

அவருதான் அக்காவோட தம்பி. எல்லாரும் பூனைன்னு கூப்பிடுவாங்க. வேலை அப்படி.

பூனை வேலை பார்த்தது ஒரு ஹோம்ல. கை கால் வராதவங்க, தானா எழுந்திருக்க முடியாதவங்க அங்கேயே தங்கியிருப்பாங்க. கீழ ஒரு வராண்டா, மேல ஒரு வராண்டா, ரெண்டு பக்கமும் ரூம். உள்ள நுழைஞ்சா முதல்ல பினாயில் வாடை, அப்புறம் பவுடர் வாடை, அதுக்கும் அடியில லேசா மூத்திர வாடை. எவ்வளவு கழுவினாலும் அது போகாதாம். மேல் மாடிக்கு ராத்திரி முழுக்கப் பூனை ஒருத்தர்தான்.

அங்க ராத்திரியில முக்கியமான வேலை என்ன தெரியுமா? திருப்புறது. நீயும் நானும் தூக்கத்துல எத்தனை தடவை புரள்றோம்னு நமக்கே தெரியாது. இவ இருக்காளே, புரண்டு புரண்டு என் போர்வையையும் சேர்த்து எடுத்துக்கிறா... சிரிக்காதீங்க, கேளுங்க. அங்க இருக்கிறவங்க சில பேரால அது முடியாது. ஒரே பக்கமா விட்டுட்டா கீழ அமுங்கின இடத்துல ரத்தம் ஓடாது. தோல் சிவக்கும். கருக்கும். அப்புறம் உள்ளேயிருந்து குழி விழும். படுக்கைப் புண். அதனால ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை யாராவது போய்த் திருப்பிப் படுக்க வைக்கணும்.

அதுக்குன்னு ஒரு முறை இருக்கு. விரிப்போட ஓரத்தை உடம்பு வரைக்கும் சுருட்டிக்கணும். ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சு ஒரே இழுப்பு... சர்ர்ர்ருன்னு ஒரு சத்தம். ஆளு ஒருக்களிச்சிடுவாரு. முதுகுக்கு அண்டக் குடுத்து ஒரு தலகாணி, ரெண்டு முழங்காலுக்கும் நடுவுல ஒரு தலகாணி. கடைசியா தோள்ல ஒரு தட்டு, 'ஆச்சு, தூங்குங்க'ங்கிற மாதிரி. அடுத்த கட்டில்காரங்க முழிச்சுக்கக் கூடாதுன்னு லைட்டே போடமாட்டாரு, செருப்பும் போடமாட்டாரு. காலையில கேட்டா பாதிப் பேருக்கு, ராத்திரி யாரோ வந்துட்டுப் போனதே தெரியாது. அதான் பூனை.

மாடியில கடைசி ரூம். அதுல இருந்தவருக்கு ஜட்ஜய்யான்னு பேரு. நிஜ ஜட்ஜ் இல்ல. பதினெட்டு வயசுல கட்டிட வேலையில மேலேயிருந்து விழுந்து, கழுத்துக்குக் கீழ எதுவும் அசையாமப் போனவரு. பேச்சும் போச்சு. ஆனா காது கூர்மை, கண்ணு அதைவிடக் கூர்மை. ஆமான்னா நாக்கைச் சொடுக்குவாரு, டக்குன்னு. இல்லன்னா கண்ணை மூடிக்குவாரு. அவ்வளவுதான் பேச்சு. சமையல்காரம்மாவுக்கும் துணி துவைக்கிறவருக்கும் தினம் தகராறு, பஞ்சாயத்து நேரா இவரு கட்டிலுக்குத்தான் வரும். ரெண்டு பேரும் தொண்டை வத்தக் கத்தி முடிக்கிற வரைக்கும் சுவாரசியமாக் கேட்டுட்டு, கடைசியில கண்ணை மூடிக்குவாரு. ரெண்டு பேரும் சரியில்லைன்னு தீர்ப்பு. குசும்பு பிடிச்ச மனுஷன்.

பூனைக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். வேலைன்னு இல்ல, மனசாரப் பிடிக்கும். வீட்டுக் கதை, பொண்டாட்டி திட்டினது, வீட்டு வேலைக்கு வந்த மேஸ்திரி ஏமாத்தினது எல்லாத்தையும் காதுல கிசுகிசுன்னு சொல்லுவாரு. அவரு சொடுக்குவாரு. இவருக்கு அதுல ஒரு நிம்மதி.

ஜட்ஜய்யா கட்டிலுக்கு ஒரு பக்கம் சுவரு. வெளிறிப்போன பச்சைப் பெயிண்ட், நடுவுல ஒரு விரிசல். இன்னொரு பக்கம் ஜன்னல். ஜன்னலுக்கு வெளிய டிப்போ. அங்க ராத்திரிதான் பஸ்ஸெல்லாம் வந்து அடையும், பெரிய விளக்கைப் போட்டு ரப்பர் குழாயால தண்ணியடிச்சுக் கழுவுவாங்க. டிரைவருங்க ஒருத்தரை ஒருத்தர் கலாய்ப்பாங்க. ஒரு நாய் தினம் ஒரே பஸ்ஸுக்கு அடியில போய்ப் படுக்கும், அதை எழுப்ப ஒரு கூட்டமே சேரும். ஜட்ஜய்யாவுக்கு அதுதான் ஊரு, உலகம் எல்லாம்.

வலப்பக்கம் ஒருக்களிச்சா ஜன்னல். இடப்பக்கம் ஒருக்களிச்சா சுவரு. இப்பப் புரியுதா?

சுவரு பக்கம் திருப்பப் போனாலே கண்ணை இறுக்க மூடிக்குவாரு. இல்ல, வேண்டாம்னு அர்த்தம். பூனை கெஞ்சிக் கூத்தாடித் திருப்புவாரு. ஒரு நாள் ராத்திரி விரிப்பைக் கையில பிடிச்சிட்டாரு... ஜட்ஜய்யா கண்ணோரத்துல தண்ணி. வெளிய அந்த நாயை எழுப்புற கூத்து நடந்துட்டிருக்கு. பாவம், பார்க்கட்டும்னு பூனை விரிப்பை விட்டுட்டாரு. ஜட்ஜய்யா டக்குன்னு ஒரு சொடுக்கு சொடுக்கினாரு பாரு, அதுல பூனைக்கு மனசே குளுந்துபோச்சு.

அதுதான் தப்பு. மறுநாளும் விட்டாரு. அதுக்கு மறுநாளும் விட்டாரு. அப்புறம் ராத்திரி முழுக்க ஜன்னல் பக்கம்ங்கிறது ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு ரகசியம் மாதிரி ஆயிடுச்சு. வலது இடுப்பு எலும்பு மேல சிவப்பா ஒரு வட்டம் வந்துச்சு. டார்ச் அடிச்சுப் பார்த்தாரு. பவுடரைப் போட்டாரு. இன்னிக்கு ஒரு ராத்திரி போகட்டும், நாளையிலிருந்து திருப்பிடலாம்னு நெனச்சாரு. அந்த நாளை வரவே இல்ல.

மேல சின்னதாத்தான் தெரிஞ்சுது. உள்ள எலும்பு வரைக்கும் போயிருச்சு. காய்ச்சல் வந்துச்சு. டாக்டர் வந்தாரு, ஊசி போட்டாரு, புண்ணைச் சுத்தம் பண்ணினாங்க. ஒண்ணும் கேக்கல. ஒரு விடிகாலையில, பஸ்ஸெல்லாம் ஸ்டார்ட் பண்ணி உறுமிட்டு நிக்கிற நேரம்... ஜன்னலைப் பார்த்தபடியே ஜட்ஜய்யா போயிட்டாரு. பூனைதான் பக்கத்துல இருந்தாரு.

டாக்டர் பார்த்துட்டு, "ரத்தத்துல விஷம் ஏறிடுச்சு. இப்படிப்பட்டவங்களுக்கு இது வர்றதுதான்"னு சொல்லிட்டுக் கையைத் துடைச்சுக்கிட்டாரு. மேனேஜர் தலையாட்டினாரு. நர்சம்மா பெருமூச்சு விட்டாங்க. அவ்வளவுதான். எப்படி வந்துச்சு, யாரு பார்த்துக்கிட்டதுன்னு ஒரு பேச்சு இல்ல. நல்லாக் கை கால் வீசி நடந்த ஆளு செத்திருந்தா ஆயிரம் கேள்வி வந்திருக்கும். பூனைக்கு அதுதான் பொறுக்கல. யாராவது ஒருத்தர் கேட்டிருந்தா அந்த இடத்துலயே சொல்லியிருப்பேன்னு அக்காகிட்டச் சொல்லி அழுதிருக்காரு.

ஜட்ஜய்யாவுக்கு ஒரு தங்கச்சி. தையல் கடை வச்சிருக்கு. கல்யாணம் ஆகல, உறவுன்னு அண்ணன் ஒருத்தர்தான். ஞாயித்துக்கிழமை தவறாம வரும். நல்ல உயரம், கனத்த உடம்பு, மெல்லிசுக் குரல். செத்த அன்னிக்கு வந்து அழுது முடிச்சிட்டு, நேரா பூனைகிட்ட வந்து நின்னுச்சு. "எங்கண்ணனை உங்களை மாதிரி யாரும் பாத்துக்கலண்ணே"ன்னு கும்பிட்டுச்சு. பூனை சொல்லிடலாமான்னு வாயைத் திறந்தாரு... முடியல. அந்தப் பொண்ணு கும்பிட்ட கையை இறக்கவே இல்லையாம்.

மறுநாளே வேலையை விட்டுட்டாரு.

அப்புறம்தான் ஆரம்பிச்சுது.

வீட்ல, தன்னோட கட்டில்ல படுத்திருக்காரு. பொண்டாட்டி பக்கத்துல. நல்ல தூக்கம். திடீர்னு... சர்ர்ர்ரு. முழிச்சுப் பார்த்தா மூக்குக்கு நேரா சுவரு. முதுகுக்குப் பின்னாடி ஒரு தலகாணி இறுக்கமாச் சொருகியிருக்கு. முழங்காலுக்கு நடுவுல ஒண்ணு. எழுந்து உக்காந்தாரு. ரூம்ல லேசா பவுடர் வாடை.

பொண்டாட்டி செஞ்சிருப்பான்னு நெனச்சுக் காலையில கேட்டாரு. அவ கையில கரண்டியோட திரும்பினா. "நாள் பூரா நின்னு வேலை செஞ்சுட்டு வந்து படுக்கிறேன். ராத்திரி எழுந்து உங்களைப் புரட்டிப் போட்டு அழகு பார்க்கிறதுதான் எனக்குப் பாக்கி"ன்னா.

அன்னிக்கு ராத்திரியும் சர்ர்ர்ரு. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும். இந்தப் பக்கம்... அந்தப் பக்கம். ஒவ்வொரு தடவையும் கடைசியா தோள்ல ஒரு தட்டு. ஐஸ் பெட்டிக்குள்ள கைய விட்டு எடுத்த மாதிரி ஜில்லுனு ஒரு கை. வலிக்காது, முரட்டுத்தனம் இல்ல. ரொம்பப் பக்குவமா இருக்குமாம். அதுதான் அவருக்கு இன்னும் பயம். இத்தனை வருஷமா ஒரு விரலைக்கூட அசைக்க முடியாம, மத்தவங்க தன்னைத் திருப்புறதைப் படுத்தபடியே கவனிச்சுக் கவனிச்சு வேலையைக் கத்துக்கிட்ட மாதிரி இருந்துச்சாம்.

பொண்டாட்டி நம்பல. பித்தம் தலைக்கேறிடுச்சு, இஞ்சித் தண்ணி குடிங்கன்னா. பார்த்துடலாம்னு ஒரு நாள் தூங்காம முழிச்சுக்கிட்டே படுத்திருந்தா. ஜன்னல் வழியா தெருவிளக்கு வெளிச்சம். பூனை மல்லாக்கத் தூங்குறாரு. அவ பார்க்கப் பார்க்க... விரிப்போட ஓரம் மெதுவா எழும்புச்சு. தானா சுருண்டுச்சு. சுருண்டு சுருண்டு அவரு உடம்புகிட்ட வந்து நின்னுச்சு. ரெண்டு இடத்துல மட்டும் கசங்கி இறுகுச்சு, யாரோ ரெண்டு முஷ்டியாலப் பிடிச்ச மாதிரி. கையைக் காணோம்... கசங்கல் மட்டும்தான். அப்புறம் சர்ர்ர்ரு.

அவ கத்தலையாம். மெதுவா எழுந்து, தலகாணியை எடுத்துக்கிட்டு, பக்கத்து ரூமுக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டா. கட்டின புருஷன் உள்ள இருக்கானேன்னு ஒரு நிமிஷம் தோணுச்சு, ஆனா கால் நிக்கலன்னு பின்னாடி அவளே சொல்லியிருக்கா. நீ சிரிக்கிற... உன் புருஷனா இருந்தா நீ வாசலைத் தாண்டியிருப்ப.

பூனை தரையில படுத்துப் பார்த்தாரு. அங்கயும் திருப்பிச்சு. அதனாலதான் அந்த ரோடு. நடந்துட்டே இருந்தா திருப்ப முடியாதுல்ல. ஆனா மனுஷ உடம்பு எத்தனை நாள் நடக்கும்? ஒரு ராத்திரி கால் வீங்கிப்போய் பஸ் ஸ்டாப் பெஞ்சுல சும்மா உக்காந்தாரு. உக்காந்தபடியே கண்ணசந்துட்டாரு. முழிச்சுப் பார்த்தா... பெஞ்சு மேல ஒருக்களிச்சுப் படுத்திருக்காரு. கழுத்துல போட்டிருந்த துண்டு மடிச்சு முழங்காலுக்கு நடுவுல இருக்கு.

அங்கயே உக்காந்து அழுதிருக்காரு. ஜட்ஜய்யா, என்னைப் பழி வாங்குறீங்களா... இல்ல, நான் செய்யாம விட்டதைச் செஞ்சு காட்டுறீங்களா... ஏதாவது ஒண்ணு சொல்லுங்கன்னு வாய்விட்டுக் கேட்டாரு. ஒரு சொடுக்கு வராதான்னு காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருந்தாரு. வரல.

அன்னிக்கு முடிவு பண்ணினாரு. அந்தத் தங்கச்சிகிட்டப் போய்ச் சொல்லிடணும். அது காறித் துப்பட்டும், போலீஸுக்குப் போகட்டும், ஹோம் வாசல்ல நின்னு ஊரைக் கூட்டட்டும். தன்னை நல்லவன்னு நம்புற ஒரே ஆளு அது. அந்த நம்பிக்கையும் போகும். போனாப் போகட்டும், தூங்கினாப் போதும்னு கிளம்பிட்டாரு.

நல்ல பட்டப்பகல். தையல் கடையில அந்தப் பொண்ணு ஜன்னல் திரைக்கு ஓரம் அடிச்சிட்டிருந்துச்சு. அவரைப் பார்த்ததும், "வாங்கண்ணே"ன்னு ஸ்டூலைத் தள்ளிப் போட்டுச்சு. பூனை உக்காரல. நின்னுட்டே எல்லாத்தையும் சொன்னாரு. நாயை எழுப்பினது, கண்ணோரத் தண்ணி, சிவப்பு வட்டம், பவுடர், நாளை நாளைன்னு தள்ளிப் போட்டது... ஒண்ணு விடல. மெஷின் ஓடிட்டே இருந்துச்சு. அவர் சொல்லி முடிச்சப்புறம்தான் அந்தப் பொண்ணு மெஷின்லேர்ந்து காலை எடுத்துச்சு. நூலைப் பல்லால கடிச்சு அறுத்துச்சு.

"ஞாயித்துக்கிழமை திருப்ப வருவாங்கல்லண்ணே... நான்தான் வேண்டாம்னு அனுப்பிடுவேன். அண்ணன் இன்னும் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்க்கட்டும்னு. பகல் முழுக்க அப்படியேதான் விட்டுட்டுப் போவேன். கண்ணை மூடிக்கிட்டான்னா எனக்குத் தாங்காது."

பூனைக்கு நெஞ்சுல இருந்து ஒரு பாறாங்கல்லைத் தூக்கி எடுத்த மாதிரி ஆயிடுச்சு. ஸ்டூல்ல உக்காந்து குலுங்கிக் குலுங்கி அழுதாரு. அந்தப் பொண்ணும் அழுதுச்சு. ரெண்டு பேரும் ஒரே தப்பைப் பண்ணியிருக்காங்க, ஒருத்தருக்கொருத்தர் தெரியாம. ஜட்ஜய்யா மேல உயிரையே வச்சிருந்த ரெண்டு பேர். மத்தவங்க யாருக்கும் அவரு மேல அவ்வளவு ஆசையும் இல்ல, அவ்வளவு தப்பும் இல்ல.

அழுது ஓஞ்சப்புறம் அது மூக்கைத் துடைச்சுக்கிட்டு, சாதாரணமாக் கேட்டுச்சு. "ராத்திரி உங்களைத் திருப்புறானாண்ணே?"

பூனை தலையை மட்டும் ஆட்டினாரு.

"எனக்கும்தான். உங்களுக்கு எத்தனை கை தெரியுது?"

ரெண்டுன்னாரு. விரிப்பைப் பிடிச்சு இழுக்கும், அப்புறம் தோள்ல தட்டும்னாரு.

"எனக்கு நாலு" அப்படின்னுச்சு.

பூனைக்கு முதல்ல புரியல. ஹோம்ல ஆளு கனமா இருந்தா ஒருத்தரால திருப்ப முடியாது, ரெண்டு பேரு வேணும். ஒருத்தர் விரிப்பை இழுப்பாரு, இன்னொருத்தர் தோளையும் இடுப்பையும் பிடிச்சுத் தள்ளுவாரு. அதுதான் அவருக்கு ஞாபகம் வந்துச்சு.

அந்தப் பொண்ணு எழுந்து அவர்கிட்ட வந்துச்சு. "கொஞ்சம் கையைக் குடுங்க"ன்னு அவரு வலது கையை எடுத்து, தன் தோள்மேல வச்சுப் பார்த்துச்சு. கண்ணை மூடிக்கிட்டு, கொஞ்ச நேரம் அப்படியே நின்னுச்சு. அப்புறம் கையை மெதுவா எடுத்து அவரு மடியிலேயே வச்சிருச்சு.

"ரெண்டு கை ஜில்லுனு இருக்கும்ணே, அது எங்கண்ணன். இன்னும் ரெண்டு கை சூடா இருக்கும். யாரோ என்னவோன்னு இத்தனை நாளா பயந்துட்டிருந்தேன்."

கழுத்துப் பக்கம் துணியை லேசா விலக்கிக் காட்டுச்சு. தோள்பட்டையில நாலு கீறல். பழசு மேல புதுசு.

பூனை தன் விரலைப் பார்த்தாரு. ஹோம்ல இருந்த வரைக்கும் வாரா வாரம் நகத்தை ஒட்ட வெட்டிடுவாரு, அங்க அது கட்டாயம். வேலையை விட்டதுலேர்ந்து வெட்டல.

அந்தப் பொண்ணு மறுபடியும் மெஷின்ல போய் உக்காந்து, ஊசியில நூலைக் கோத்துக்கிட்டே சொல்லுச்சு... "இன்னிக்கு வரும்போது நகத்தை வெட்டிட்டு வாங்கண்ணே. எரியுது."